விழுது தேடும் ஊர்

2023 செப்டம்பர் கடைசி வாரம். தலை முதல் கால் வரை மூடிய வெள்ளை உடுப்பு, முகமூடி, கையுறை, கையில் ஒரு சல்லடை. தீயில் எரிந்துபோன லஹைனாவின் ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுக்குத் திரும்பிய கோலம் இதுதான். ஊரைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் நாள் குறித்து, அனுமதிச் சீட்டு கொடுத்து உள்ளே விட்டார்கள். சாம்பலில் ஈயமும் ஆர்செனிக்கும் கலந்திருந்ததால் வெறுங்கையால் எதையும் தொடக் கூடாது. பிறந்த வீட்டு வாசலில் காலை வைக்கவே கவச உடை தேவைப்பட்டது.

சல்லடையில் எதைத் தேடுவார்கள்? கல்யாண மோதிரம், பாட்டி காலத்துப் பீங்கான் கிண்ணம், அலமாரியில் பத்திரமாக வைத்திருந்த தகப்பனின் அஸ்திக் கலசம். சாம்பலுக்குள் சாம்பலைத் தேடும் வேலை அது. கிடைத்தவர்கள் அழுதார்கள். கிடைக்காதவர்கள், அடுப்பங்கரை இருந்த இடம் இது, பிள்ளைகள் படுத்த அறை இது என்று தரையில் தெரிந்த கான்கிரீட் கோடுகளை வைத்து அடையாளம் சொல்லிக்கொண்டு நின்றார்கள்.

ஒரு வீடு எரிந்தால் பக்கத்து வீட்டில் படுக்க இடம் கிடைக்கும். பக்கத்து வீடும், அதற்கடுத்த வீடும், பிள்ளைகள் படித்த பள்ளியும், கும்பிட்ட கோயிலும், கடன் சொல்லிச் சாமான் வாங்கிய கடையும் ஒரே மாலையில் போய்விட்டால் எங்கே போய்ப் படுப்பது? லஹைனாவுக்கு நேர்ந்தது அதுதான். 2,200க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. 102 பேர் இறந்தார்கள். அமெரிக்காவில் 1918க்குப் பிறகு இத்தனை உயிர்களை எடுத்த காட்டுத்தீ வேறில்லை.

மலைப்பக்கம், கடல்பக்கம்

ஹவாய்த் தீவுகளில் இரண்டாவது பெரிய தீவு மாவி. அதன் மேற்குக் கரையில், மலைக்கும் கடலுக்கும் நடுவில் நீளவாக்கில் படுத்திருந்த ஊர் லஹைனா. தீக்கு முன்பு சுமார் 12,700 பேர் வாழ்ந்தார்கள். ஹவாய் அரசர்களின் தலைநகராக இருந்த ஊர். 1845இல்தான் அந்தப் பெருமை ஹொனலுலுவுக்குப் போனது.

அங்கே வழி கேட்டால் யாரும் வடக்கு, தெற்கு என்று சொல்வதில்லை. ‘மவுகா’ என்றால் மலைப்பக்கம், ‘மகாய்’ என்றால் கடல்பக்கம். நமக்கு இது அந்நியமானதல்ல. நிலம் கீழாக இறங்கும் பக்கம் கிழக்கு, மேலாக ஏறும் பக்கம் மேற்கு என்று சரிவைப் பார்த்துத் திசைக்குப் பெயர் வைத்த மொழி நம்முடையது. மவுகா, மகாய் என்ற இந்த இரண்டு சொற்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தீப்பிடித்த அன்று இவை உயிர்ப் பிரச்சினை ஆயின.

லஹைனாவில் வளர்ந்த ஒரு பிள்ளையின் கண்ணில் ஊர் என்பது என்ன? தலையை நிமிர்த்தினால் மலைமேல் தெரியும் ‘எல்’ என்ற பெரிய ஆங்கில எழுத்து. 1831இல் தொடங்கிய லஹைனாலூனா பள்ளியின் அடையாளம் அது. மாணவர்கள் மலையேறிப் போய் அதற்குச் சுண்ணாம்பு போட்டு வெளுப்பாக்குவார்கள். அதற்குக் கீழே 1928இல் கட்டிய கரும்பாலைப் புகைபோக்கி. கடலோரம் ஜப்பானியக் குடியேறிகளின் ஜோடோ புத்தக் கோயில்; அவர்கள் வந்து நூறாண்டு ஆனதை நினைத்து 1968இல் அங்கே வைத்த பெரிய புத்தர் சிலை. துறைமுகத்துக்கு எதிரே ஓர் ஆலமரம்.

அந்த ஆலமரம் நம் பக்கத்திலிருந்து போனது. 1873 ஏப்ரலில், கிறிஸ்தவ மிஷன் வந்து ஐம்பதாண்டு ஆனதைக் கொண்டாட, இந்தியாவிலிருந்து வரவழைத்த எட்டடிக் கன்றை அங்கே நட்டார்கள். இறங்கிய விழுதுகளுக்குத் தண்ணீர் நிரப்பிய ஜாடிகளைக் கட்டித் தொங்கவிட்டு வேர்பிடிக்க வைத்ததாக ஊரில் சொல்வார்கள். நூற்றைம்பது ஆண்டுகளில் அது சுமார் அறுபதடி உயர்ந்து, ஒரு முழுத் திடலையும் தன் நிழலுக்குள் எடுத்துக்கொண்டது. கைவினைச் சந்தை, கல்யாணம், காதல், வேலைவெட்டி இல்லாத மதியம் எல்லாம் அதன் கீழேதான். ஆலமரத்தடியை நமக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்த ஒரு நாள்

2023 ஆகஸ்ட் 8, செவ்வாய்க்கிழமை. தெற்கே பல நூறு கிலோமீட்டர் தள்ளி டோரா புயல் கடந்துகொண்டிருந்தது. வடக்கே உயர் அழுத்தம். இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட காற்று மாவியின் மேற்கு மலைகளைத் தாண்டிச் சரிவில் ஊரை நோக்கிப் பாய்ந்தது. விடிவதற்குள்ளேயே கம்பங்கள் சாய ஆரம்பித்துவிட்டன. காலை ஆறரை மணி சுமாருக்கு, லஹைனாலூனா சாலையோரம் அறுந்து விழுந்த மின்கம்பியிலிருந்து புல்லில் தீப்பற்றியது. தீயணைப்பு வீரர்கள் வந்தார்கள். ஒன்பது மணி வாக்கில் தீ முழுக்கக் கட்டுக்குள் வந்துவிட்டதாக அறிவித்தார்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல்வரை அங்கேயே நின்று கண்காணித்துவிட்டு, வேறு அழைப்புகளுக்குக் கிளம்பினார்கள். தீவின் மேட்டுப் பகுதிகளிலும் அன்று தீ எரிந்துகொண்டிருந்தது.

மூன்று மணிக்குச் சற்று முன்பு அதே இடத்தில் மறுபடி புகை. யார் கண்ணிலும் படாத ஒரு கங்கு காற்றோடு பறந்து பக்கத்து ஓடைப் பள்ளத்தில் விழுந்திருக்க வேண்டும் என்று ஓராண்டுக்குப் பிறகு வந்த விசாரணை அறிக்கை சொன்னது. அதன் பிறகு நடந்தவை அனைத்தும் சில மணி நேரக் கதை. ஐந்து மணிக்குள் தீ நெடுஞ்சாலையைத் தாண்டிவிட்டது. மின்சாரம் காலையிலேயே போயிருந்தது, கைப்பேசியும் செத்தது. எரிந்த வீடுகளில் குழாய்கள் உருகித் தண்ணீர் வீணாக ஓடியதால், தீயணைப்புக் குழாய்களில் அழுத்தம் இறங்கிப் போனது. சாய்ந்த கம்பங்கள் சாலைகளை மறித்தன. கடலோர ஃபிரன்ட் தெருவில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகராமல் நின்றன. காரில் இருந்தவர்கள் இறங்கிக் கடற்சுவரைத் தாண்டிக் குதித்தார்கள். கரும்புகைக்கு நடுவே, தீப்பொறி மழைக்குக் கீழே, குழந்தைகளைத் தூக்கிப் பிடித்தபடி மணிக்கணக்கில் கடலில் நின்றார்கள். கடலோரக் காவல் படை தண்ணீரிலிருந்து மட்டும் 17 பேரை மீட்டது.

அபாயச் சங்கு ஒலிக்கவில்லை. மாவி தீவு முழுக்கச் சங்குகள் உண்டு. ஹவாயில் எவரும் அவற்றைச் சுனாமியோடு சேர்த்தே நினைப்பார்கள். சங்கு ஊதினால் ஜனங்கள் மவுகாவுக்கு, அதாவது மலைப்பக்கம் ஓடுவார்கள், அங்கேதான் தீ இருந்தது, அதனால் ஊதவில்லை என்று பொறுப்பில் இருந்த அதிகாரி பிறகு விளக்கம் சொன்னார். மறுநாளே ராஜினாமா செய்தார். அந்த விளக்கத்தை நான் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். அதில் ஒரு தர்க்கம் இருக்கிறது. ஆனால் மதியத் தூக்கத்தில் இருந்த கிழவிக்கு, காது சரியாகக் கேட்காத தாத்தாவுக்கு, எழுப்புவதற்கென்று அந்த ஊரிடம் இருந்த ஒரே குரல் அதுதான். இறந்தவர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள் என்பதைப் படித்த பிறகு அந்தத் தர்க்கம் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

குஹுவா என்ற தெருவையும் அதன் சந்துகளையும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கரும்புத் தோட்டக் காலத்தில் தொழிலாளர் குடியிருப்பாக இருந்த இடம். ஒரே கூரையின் கீழ் மூன்று தலைமுறை, முற்றத்தில் இன்னொரு சிறு வீடு, வீட்டுக்கு மூன்று நான்கு கார்கள், இரண்டு வண்டி ஒதுங்க முடியாத சந்து. அண்டை வீட்டுக் குழம்பு வாசனையை வைத்து அன்றைய கிழமை சொல்லக்கூடிய நெருக்கம். வளர்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. தப்பி ஓடுவதற்கு அதைவிட மோசமான இடமும் கிடைக்காது. தீ மிகுந்த உயிர்களை வாங்கிய இடங்களில் அது ஒன்று. பழைய கரும்பு வண்டிப் பாதைகள் வழியே வெளியேறலாம் என்றால், அவற்றில் சில இடங்களில் பூட்டிய கதவுகள் நின்றன.

தண்ணீர் போன வழி

கம்பி அறுந்தது ஒரு காலையில். அது விழுந்த புல் நூறாண்டு வளர்ப்பு.

லஹைனா ஒரு காலத்தில் ஈர நிலம். ஊரின் நடுவே மோகுஹினியா என்ற பெரிய குளம், குளத்துக்குள் மோகுஊலா என்ற தீவு, தீவில் அரச குடும்பத்தின் வாசம். குளத்தைக் காக்கும் பல்லியுருத் தெய்வம் ஒன்று அதில் வாழ்வதாக நம்பினார்கள். ஊரைச் சுற்றி ‘உலு’ மரங்கள். உலு என்பது நாம் சீமைப்பலா, கறிப்பலா என்றும் இலங்கையில் ஈரப்பலா என்றும் சொல்கிறோமே, அதுதான். அந்தத் தோப்பின் நிழலுக்கென்றே லஹைனாவுக்கு ஒரு பழைய பட்டப்பெயர் உண்டு.

1860இல் பயனியர் மில் என்ற கரும்பாலை வந்தது. கரும்புக்குத் தண்ணீர் வேண்டும். மலை ஓடைகளை வாய்க்கால் வெட்டித் தோட்டங்களுக்குத் திருப்பினார்கள். சீனர், ஜப்பானியர், போர்ச்சுகீசியர், பிலிப்பினோக்கள் என்று கூலிக்கு ஆள் கொண்டுவந்து, இனவாரியாகக் குடியிருப்பு கட்டி வைத்தார்கள். இலங்கை மலையகத்து லயங்களின் வரலாறு தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டாம். தண்ணீர் வராத குளம் தேங்கி, கொசு பிடித்து, 1914 வாக்கில் மண் கொட்டி மூடப்பட்டது. தெய்வம் வாழ்ந்த இடத்தில் பேஸ்பால் மைதானம் வந்தது.

1999இல் ஆலை மூடப்பட்டது. கரும்பு போன சரிவுகளில் பெரும்பகுதி தரிசாகக் கிடந்தது. அங்கே பரவியவை மாட்டுத் தீவனத்துக்கென்று முன்பே வெளியிலிருந்து கொண்டுவந்த புற்கள். கினியா புல்லும், நம்மூர் மேய்ச்சல் காட்டில் கொழுக்கட்டைப் புல் என்கிறோமே அதுவும், இன்னும் சிலவும். மழை பெய்தால் ஆளுயரம் வளரும், வெயில் காய்ந்தால் வைக்கோலாகும். நம் கீதாரிகளுக்கு வரம் அந்தப் புல். மேய ஆடும் மாடும் இல்லாத சரிவில் அது வெறும் விறகு. எந்தச் செடியும் தன்னளவில் கெட்டதில்லை. எடுத்துப் போனவர்கள் திரும்பிப் பார்க்காமல் விட்டதுதான் கெட்டது. ஓடையில் தண்ணீர் இருந்திருந்தால், குளம் குளமாக இருந்திருந்தால் அந்த மதியம் எப்படி இருந்திருக்கும் என்று லஹைனாவின் பூர்வகுடிகள் கேட்கிறார்கள். குளத்தை மறுபடி தோண்ட வேண்டும், ஓடைக்குத் தண்ணீரை விட வேண்டும் என்ற அவர்களுடைய பழைய கோரிக்கைக்குத் தீக்குப் பிறகுதான் காது கிடைத்திருக்கிறது.

படகுகள் வந்தன

தீக்கு மறுநாள் காலையில் லஹைனாவுக்குச் சாலை அடைப்பு, மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. உதவி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்த உதவி கடல் வழியாக வந்தது. சுற்றுலாப் பயணிகளைத் திமிங்கிலம் பார்க்கக் கூட்டிப்போகும் படகுகள், மீன்பிடிப் படகுகள் எல்லாம் குடிநீர், ஜெனரேட்டர், குழந்தைப் பால்மாவு, மருந்து, பெட்ரோல் என்று ஏற்றிக்கொண்டு தீவின் மறுபக்கத்திலிருந்தும் எதிரே இருக்கும் மொலக்காய் தீவிலிருந்தும் வந்தன. கரையில் ஜனங்கள் இடுப்பளவு தண்ணீரில் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி இறக்கினார்கள். யாரும் உத்தரவு போடவில்லை.

கடலோரப் பூங்காக்களில் பந்தல் போட்டார்கள். ஒரு பந்தலில் சோறு, ஒன்றில் துணிமணி, ஒன்றில் மருந்து. யார் வீட்டுப் பாட்டிக்கு இன்சுலின் வேண்டும், எந்தக் குடும்பம் மலைப்பக்கத்து உறவினர் வீட்டில் இருபது பேராக அடைந்திருக்கிறது, யாரைப் பற்றி இன்னும் தகவல் இல்லை என்பது அந்தப் பந்தல்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. அரசுப் படிவத்தில் அந்தக் கேள்விகளே கிடையாது. ‘குலியானா’ என்று ஹவாய் மொழியில் ஒரு சொல் உண்டு. உரிமை, கடமை இரண்டுக்கும் அதுதான் சொல். என்னுடையது என்று நான் எதைச் சொல்கிறேனோ, அதற்கு நான் பொறுப்பு என்று அதற்குப் பொருள். அந்த வாரம் அங்கே நடந்தவற்றைச் சொல்ல எனக்கு அதைவிடப் பொருத்தமான சொல் தெரியவில்லை.

தீயணைப்பு வீரர்கள் பலர் லஹைனாக்காரர்கள். தங்கள் சொந்த வீடு எரிந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தும் அடுத்த தெருவில் தண்ணீர் பீய்ச்சியவர்கள் அவர்களுக்குள் உண்டு.

படகுகளிலும் பந்தல்களிலும் தெரிந்த இந்த ஒழுங்கு ஒரே இரவில் முளைத்ததா? 2018 ஆகஸ்டில், லேன் புயலின்போது, லஹைனாவின் மேட்டில் இதே போலத் தீப்பிடித்து இருபதுக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. அப்போது அக்கம்பக்கத்தார் சேர்ந்து ‘லஹைனா ஸ்ட்ராங்’ என்று ஓர் அமைப்பைத் தொடங்கி உதவி திரட்டினார்கள். ஐந்து ஆண்டு கழித்து ஊரே எரிந்தபோது அந்தப் பெயரும் தொடர்புகளும் தயாராக இருந்தன. அந்த முதல் தீ ஊர்க்காரர்களுக்கு ஒரு பாடம் கொடுத்தது. அதே தீ அதிகாரத்தில் இருந்தவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை கொடுத்திருந்தது: அதே காற்று, அதே புல். ஊர்க்காரர்கள் கற்றுக்கொண்ட அளவுக்கு மற்றவர்கள் கற்றுக்கொள்ளவில்லை என்பதுதான் என்னை இன்றும் கோபப்படுத்துகிறது.

இரண்டாவது தீ

சாம்பல் ஆறுவதற்குள் தொலைபேசிகள் ஒலித்தன. ‘உங்கள் மனையை விற்கும் எண்ணம் உண்டா?’ மனைத் தரகர்கள். பிணங்களைத் தேடிக்கொண்டிருந்த நாட்களில் இது நடந்தது. ஹவாய் ஆளுநர் ஜோஷ் கிரீன், தீப்பட்ட நிலங்களின் விற்பனைக்கு இடைக்காலத் தடை கொண்டுவருவது பற்றிப் பேசும் அளவுக்குப் போனது விஷயம். ‘லஹைனா விற்பனைக்கு அல்ல’ என்ற தட்டிகள் வேலிகளில் ஏறின.

தீ எடுக்காததை வாடகை எடுத்துவிடும் என்று ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். மேற்கு மாவியில் வீடு என்று இருப்பவற்றில் ஏராளமானவை சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் கணக்கில் விடும் அறைகள். வீடிழந்தவர்களை முதலில் ஹோட்டல்களில் தங்க வைத்தார்கள். இரண்டே மாதத்தில், 2023 அக்டோபர் 8 அன்று, மேற்கு மாவி சுற்றுலாவுக்கு மறுபடி திறக்கப்பட்டது. ஒரே ஹோட்டலின் ஒரு தளத்தில் ஊரை இழந்தவர்கள், அடுத்த தளத்தில் விடுமுறைக்கு வந்தவர்கள். மின்தூக்கியில் இருவரும் சந்தித்துக்கொள்ளும் காட்சியை நினைத்துப் பாருங்கள். சுற்றுலா இல்லாவிட்டால் ஊரில் பாதிப் பேருக்குப் பிழைப்பில்லை என்பதும் நிஜம். அறை துடைக்கும் வேலைக்குப் போனவர்களும் அந்த ஊரை இழந்தவர்கள்தான்.

அந்த நவம்பரில் அவர்கள் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. காஅனபலி கடற்கரை, பெரிய ஹோட்டல்களின் வாசல். அங்கே ராத்தங்கல் கூடாது. ஆனால் மீன்பிடிக்கத் தடை இல்லை. கரையில் மீன்பிடிப்பது பூர்வகுடிகளின் மரபுரிமை, சட்டம் அதை மதிக்கிறது. லஹைனா ஸ்ட்ராங் ஆட்கள் தூண்டில் கோல்களை மணலில் நட்டு, பக்கத்தில் கூடாரம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ‘வீட்டுக்காக மீன்பிடித்தல்’ என்று பெயர். நாள்வாடகை அறைகளை ஊர்க்காரர்கள் குடியிருக்கும் வீடுகளாக மாற்று என்பது கோரிக்கை. பல மாதம் உட்கார்ந்தார்கள். 2024 மே மாதம் மாவி மேயர் ரிச்சர்ட் பிஸ்ஸன், குடியிருப்புப் பகுதிகளில் இருக்கும் சுமார் 7,000 நாள்வாடகை வீடுகளைப் படிப்படியாக நீண்டகாலக் குடியிருப்புகளாக மாற்றும் மசோதாவை முன்வைத்தார். கடுமையான எதிர்ப்புக்கு நடுவே 2025 இறுதியில் மாவட்ட மன்றம் அதை நிறைவேற்றியது.

இன்னொரு வேலையும் நடக்கிறது. விற்றே ஆக வேண்டிய நிலைக்கு வந்த குடும்பத்தின் மனையை வெளியாள் வாங்குவதற்கு முன்பு, ஊர்க்காரர்களே சேர்ந்து அமைத்த நில அறக்கட்டளை வாங்கி, உள்ளூர்க்காரர் கையிலேயே இருக்கும்படி செய்கிறது. தற்காலிகமாக மாநில அரசு கட்டிய 450 வீடுகளிலும் மத்திய அரசின் பேரிடர் முகமை அமைத்த 167 வீடுகளிலும் குடும்பங்கள் இருக்கின்றன. வழக்குகளில் சுமார் 400 கோடி டாலர் இழப்பீடு பேசி முடிக்கப்பட்டது. பணம் கைக்கு வர ஆண்டுகள் ஆயின. அதற்குள் பல குடும்பங்கள் தீவைவிட்டே போய்விட்டன. எரிந்த தொடக்கப்பள்ளியின் பிள்ளைகள் 2024 ஏப்ரலில் தற்காலிகக் கட்டடத்தில் மறுபடி ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்தபோது, சில நாற்காலிகளுக்கு உரியவர்கள் வேறு மாநிலங்களில் படித்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர்கள் இழந்தது வீடு. பத்து வயதுப் பிள்ளை இழப்பது மதியம் கூட விளையாடிய கூட்டாளியை. அதற்கு எந்த வழக்கிலும் தொகை கணக்கிடுவதில்லை.

தொட்டியில் நிற்கும் மரங்கள்

தீ ஆலமரத்தையும் சுட்டது. இலைகள் கருகி, பட்டை வெந்து நின்றது. மர நிபுணர்கள் தன்னார்வலராக வந்து, இறுகிய மண்ணைக் கிளறிக் காற்றோட்டம் கொடுத்தார்கள், மக்கிய உரம் போட்டார்கள், லாரி லாரியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். வீடில்லாத ஊரில் மரத்துக்கா தண்ணீர் என்று கேட்கத் தோன்றலாம். அந்த ஊரில் வளர்ந்தவர்கள் அப்படிக் கேட்கவில்லை. செப்டம்பர் நடுவில், சல்லடையோடு ஜனங்கள் உள்ளே போவதற்குச் சில நாள் முன்பு, கருகிய கிளையில் பச்சையாக ஒரு கொத்துத் துளிர் விட்ட படம் வெளிவந்தது. மரத்தின் ஒரு பகுதி செத்துவிட்டது, வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. மீதி நிற்கிறது. ஜோடோ கோயில் போய்விட்டது; புத்தர் அதே இடத்தில் கடலைப் பார்த்தபடி அமர்ந்திருக்கிறார். ஆலைப் புகைபோக்கியும் நிற்கிறது. ஊரின் மேலே, புறவழிச் சாலையின் ஓரமாக, இறந்தவர்களுக்கு ஆளுக்கொரு சிலுவை நட்டு மாலை போட்டிருக்கிறார்கள்.

ஆலமரத்தைப் பார்த்துக்கொண்டவர்களில் சிலர் இன்னொரு யோசனையும் செய்தார்கள். எரிந்தவை ஆயிரக்கணக்கான மரங்கள். வீட்டுக்கு வீடு மா, உலு, எலுமிச்சை. தப்பிய சில உலு மரங்களின் வேரிலிருந்து கன்று எடுத்தார்கள். மாங்கன்று வைத்தார்கள். நடுவதற்கு முற்றம்தான் இல்லை. அதனால் ஹோட்டல்களின் பின்கட்டில் இடம் கேட்டு, தொட்டிகளில் நட்டு, தண்ணீர் ஊற்றி வளர்க்கிறார்கள். எந்தக் குடும்பம் வீடு கட்டிக் குடிவருகிறதோ, அந்தக் குடும்பத்துக்குக் கேட்ட மரம் இலவசம். பெரிதாகும் கன்றுகளை இன்னும் பெரிய தொட்டிக்கு மாற்றுகிறார்கள்.